மாரியின் காடு, லவீனியாவின் காடு

ஆனி ப்ரூ தன் எண்பதாவது வயதில், 2016இல் வெளியிட்ட 'பார்க்ஸ்கின்ஸ்' நாவலை ஒரு கோடை விடுமுறை முழுக்க வாசித்தேன். எழுநூறு பக்கங்களுக்கு மேல். 1693இல், இன்றைய கனடாவின் கியூபெக் பகுதிக்குக் கூலிகளாக வந்திறங்கும் இரண்டு பிரெஞ்சு ஏழைகளிடம் தொடங்கி 2013இல் முடிகிறது. ரெனே செல் கடைசிவரை மரம்வெட்டிதான். சார்ல் துகே தப்பியோடி வியாபாரியாகிறான். அவன் குடும்பம் 'டியூக்' என்று பெயரை மாற்றிக்கொண்டு மரமுதலாளிகளாக வளர்கிறது. புத்தகத்தின் இறுதியில் இரு குடும்பங்களின் கொடிவழிகளும் உண்டு. யார் யாருடைய பிள்ளை என்று குழம்பும்போதெல்லாம் அங்கே புரட்டினேன்.

கொடிவழி சொல்லாத ஒன்று இருக்கிறது. ரெனேயின் மனைவி மாரி, மிக்மாக் பழங்குடிப் பெண். நிலக்கிழார் த்ரெபான்யி அவளைத் தன்னோடு வைத்திருந்தான். அந்தஸ்துள்ள பிரெஞ்சு மனைவி தேவைப்பட்டதும் தன் கூலியாள் ரெனேவுக்கு அவளைக் கட்டிவைத்தான். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வரைபடத்தில் அது வெறும் ஒரு கோடு.

மாரிக்குக் காடு உணவு, மருந்து. வந்தவர்களுக்கு அது வெட்டித் தீர்க்கவேண்டிய இருட்டு. அரசுகளுக்கோ கப்பலின் பாய்மரம். 1691ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் சாசனமே, தனியாருக்கு வழங்கப்படாத நிலங்களில் 24 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள மரங்களை ஆங்கிலேயக் கடற்படைக்கென ஒதுக்கியது.

என்னைத் தடுமாற வைத்தவள் லவீனியா டியூக். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தந்தைக்குப் பிறகு நிறுவனத்தின் தலைமையை ஏற்கிறாள். ஆண்கள் மட்டுமே அமர்ந்த மேசையில் ஒரு பெண்! மகிழ்ந்தேன். இப்படிப்பட்ட பெண்களைத்தானே வரலாற்றில் தேடித்தேடி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்? ஆனால் அவள் கையிலும் காடு கணக்குப் புத்தகமாகத்தான் இருக்கிறது. மரங்கள் இன்னும் வேகமாகச் சாய்கின்றன. டியூக் சொத்துக்கு உரிய வாரிசுகள் மாரியின் வழிவந்த மிக்மாக் மக்களே என்று தெரியவரும்போது, அந்த உண்மை அமுக்கப்படுகிறது.

தலைமை இருக்கையில் ஒரு பெண் அமர்ந்தாள் என்று எழுதிவிட்டால் பெண் வரலாறு முடிந்துவிடுமா? அந்த நாற்காலி எந்த மரத்தில் செய்தது, அந்த மரம் நின்ற மண்ணில் எந்தப் பெண் மூலிகை பறித்தாள் என்றும் கேட்கவேண்டாமா? இவ்வளவு காலம் முதல் கேள்வியோடு நின்றுவிட்ட ஆசிரியைகளில் நானும் ஒருத்தி.

நாவலின் முடிவில், செல் வழியில் வந்த சப்பட்டீசியா அழிந்த காட்டை மீட்க உழைக்கிறாள். மாரியின் அறிவு அவளுக்கு நேராகக் கைமாறி வரவில்லை. நடுவே முந்நூறு ஆண்டுகள் அறுந்து கிடக்கின்றன.

அடுத்த பருவத்தில் லவீனியாவைப் பற்றி மாணவிகளிடம் பேசுவேன். மாரியின் அந்தக் கோட்டிலிருந்து தொடங்குவேன்.