வக்கீல் ஆபீஸ் கணக்கரும் வருமானவரி ரகசியமும்

வக்கீலிடம் கட்சிக்காரர் நம்பிச் சொன்னது வெளியே போகக்கூடாது என்பது பல நூற்றாண்டுப் பழைய விதி. சரி, அதே ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவரிடம் சொன்னால்? இந்தக் கேள்விக்காக 1961-ல் நியூயார்க்கில் ஒருவருக்குச் சிறைத் தண்டனையே விதித்துவிட்டார்கள்.

அவர் பெயர் லூயிஸ் கோவல். ஒரு காலத்தில் அமெரிக்க வருமானவரித் துறையில் அதிகாரியாக இருந்தவர். 1943 முதல், வரிச் சட்டத்தில் தேர்ந்த ஒரு வக்கீல் நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தார். அந்த நிறுவனத்தின் கட்சிக்காரர் ஒருவர் வரிக்குற்றம் செய்தாரா என்று கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடர முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) விசாரித்துக்கொண்டிருந்தது. செப்டம்பரில் கோவலுக்குச் சம்மன் வந்தது. சில கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல மறுத்தார். அது கட்சிக்காரரின் ரகசியம் என்றார்.

அரசு வக்கீலின் வாதம் ரொம்ப எளிமையானது. ரகசியக் காப்பு வக்கீலுக்குத்தான், இவர் வக்கீலே இல்லையே! நீதிபதியும் அதை ஏற்றுக்கொண்டு பதில் சொல்லும்படி உத்தரவிட்டார். கோவல் அப்போதும் அசையவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று ஒரு வருடம் சிறை! வாயைத் திறந்தால் நம்பிப் பேசியவர் மாட்டிக்கொள்வார், மூடினால் தானே உள்ளே போகவேண்டும்.

வழக்கு அப்பீலுக்குப் போனது. டிசம்பரில் நீதிபதி ஹென்றி ஃப்ரெண்ட்லி எழுதிய தீர்ப்புதான் இன்றுவரை பேசப்படுகிறது. வக்கீலுக்குத் தெரியாத மொழியில் பேசும் கட்சிக்காரர் ஒருவர் வருகிறார், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ரகசியம் போய்விடுமா? போகாது. கணக்கு வழக்கும் பல வக்கீல்களுக்கு அந்நிய மொழிதான், கணக்கர் அங்கே மொழிபெயர்ப்பாளர் என்றார் ஃப்ரெண்ட்லி. (நம் ஊரில் 1872-ம் வருட இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 127-வது பிரிவு, வக்கீலின் குமாஸ்தாவையும் மொழிபெயர்ப்பாளரையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. 89 வருடம் முன்பே!)

ஆனால் ஃப்ரெண்ட்லி முழுக் கதவையும் திறந்துவிடவில்லை. கட்சிக்காரர் தேடி வந்தது வக்கீலின் சட்ட ஆலோசனையாக இருக்கவேண்டும். கணக்கு எழுதித் தரவோ, கணக்கரின் சொந்த யோசனையைக் கேட்கவோ வந்திருந்தால் பாதுகாப்பு கிடையாது. கோவலின் தண்டனை ரத்தாகி, இதில் எது நடந்தது என்று பார்க்க வழக்கு கீழ்க்கோர்ட்டுக்கே திரும்பியது.

தனியாகத் தொழில் நடத்தும் கணக்கர்கள் பாடுதான் திண்டாட்டம். ஓட்டல் நடத்திய ஒரு பெண்மணி 1955 முதல் தன் கணக்குக் காகிதங்களையெல்லாம் ஒரு கணக்கரிடம் கொடுத்துவந்தார். வரித்துறை அந்தக் காகிதங்களைக் கேட்டபோது, தரமுடியாது என்று உச்ச நீதிமன்றம் வரை போராடினார். 1973-ல் தோற்றார். ரிட்டர்னில் எப்படியும் காட்டவேண்டிய விஷயங்களில் பெரிய அந்தரங்கம் ஏது என்று கேட்டது கோர்ட். 1976-ல் இன்னொரு அடி. கட்சிக்காரரிடம் இருந்தால் வரித்துறை வாங்கக்கூடிய காகிதம், வக்கீல் கைக்கு மாறியதால் மட்டும் ரகசியம் ஆகிவிடாது என்றது. ஆக, பேச்சுக்குத்தான் பாதுகாப்பு, ரசீதுக்கு இல்லை. நியாயமாகத்தான் படுகிறது. இல்லாவிட்டால் எல்லோரும் பில் புத்தகத்தை வக்கீல் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்களே!

1998-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கணக்கர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்தது. வரி ஆலோசனைப் பேச்சுக்கு வக்கீலுக்கு உள்ளதுபோலவே ரகசியக் காப்பு. ஆனால் கிரிமினல் விவகாரம் என்றால் செல்லாது. கோவல் மாட்டியதோ கிரிமினல் விசாரணையில்!

அதனால்தான் அமெரிக்காவில் வரித் தணிக்கை குற்ற வழக்காக மாறும் வாடை அடித்தால், வக்கீல் தானே ஒரு கணக்கரை அமர்த்தி, 'நீர் எனக்காக, என் மேற்பார்வையில் வேலை செய்கிறீர்' என்ற பொருளில் எழுத்துமூலம் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார். அதற்குப் பெயரே 'கோவல் கடிதம்'. வழக்கமாக ரிட்டர்ன் எழுதித் தந்த பழைய கணக்கரை இந்த வேலைக்கு வைப்பதைத் தவிர்ப்பார்கள். அவர் முன்பு கேட்டதும் பார்த்ததும் அந்தக் கடிதத்துக்குள் அடங்காது.