சொல் துறந்த இசையை மதிப்பிட்டவர்கள்

ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வாத்தியக் குழுவை விலக்கி, கிதாரும் மௌத் ஆர்கனும் துணையாக, வீட்டிலேயே கேசட்டில் பதிவுசெய்த ‘நெப்ராஸ்கா’ 1982-இல் வெளிவந்தது. விமர்சகர்கள் கொண்டாடினர். அங்கே வாத்தியங்கள் குறைந்தன, சொல் எஞ்சியது.

விளாத்திகுளத்தில் ஒருவர் அந்தச் சொல்லையும் துறந்தார். காடல்குடி ஜமீன் வழிவந்த நல்லப்ப சுவாமிகள் (1889–1965) சாகித்யத்தை ஒதுக்கி, ராக ஆலாபனையையே தம் இசையாக்கிக்கொண்டவர். கீர்த்தனையை மையமாகக் கொண்ட கச்சேரி மரபில் இது எளிய துணிவன்று. பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருப்பவருக்கு அவரிடம் ஏமாற்றமே மிஞ்சியிருக்கும்.

அவரை மதிப்பிட்டவர்கள் யார்? கோவில்பட்டியில் வாழ்ந்த நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் அவரைப் போற்றினார். இடைசெவல் கி.ராஜநாராயணன் அவரிடம் இசை பயின்றார். நாகஸ்வரமும் சொல்லின்றிப் பேசுவதுதானே. பாராட்டு அங்கிருந்து வந்ததில் எனக்கு வியப்பில்லை.

‘நெப்ராஸ்கா’வை இன்று கேட்டு, அன்றைய விமர்சகர்களோடு நான் முரண்படலாம். சுவாமிகள் விஷயத்தில் கேட்டவர்களின் சாட்சியத்தையே நம்பவேண்டியிருக்கிறது. இளவயதில் அவரைக் கேட்டவர்கள் கரிசல் ஊர்களில் இன்று முதுமையில் இருப்பார்கள். அவர்களின் நினைவுகளை இசைக் கல்லூரிகள் இப்போதே பதிவுசெய்ய வேண்டும்.