துடுப்பைத் தூக்கி எறிந்த பிறகு

போன வருடம் ஜூன் மாதம், மில்வாக்கியில் இருக்கும் என் மகன் ஒரு மோட்டார் படகு வாங்கினான். 18 அடி நீளம், பின்பக்கம் தொங்கும் எஞ்சின், காரில் கட்டி இழுத்துப் போக ஒரு டிரெய்லர். வாட்ஸ்அப்பில் படம் வந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "இவனுக்கு நீச்சல் தெரியுமா?" அவனுக்குக் கொஞ்சம் தெரியும். எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அடுத்த மாதமே நாங்கள் இருவரும் அங்கே போய் அந்தப் படகில் உட்கார வேண்டியிருந்தது.

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்ததில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தப் பத்திரமானாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் விடமாட்டேன். படகோடு வந்த கையேட்டையும் அப்படித்தான் படித்தேன். இதைச் செய், அதைச் செய்யாதே என்று பக்கம் பக்கமாக இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அலுப்புத்தான். ஆனால் இந்த விதியெல்லாம் எப்போது வந்தது, ஏன் வந்தது என்று தேட ஆரம்பித்த பிறகு தூக்கம் போய்விட்டது. நம் வளாகத்தில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் நிறைய. ஏரிப் பக்கம் வீடு வாங்கியவர்களுக்கு அடுத்த ஆசை படகுதான். அதனால் தேடியதைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

குடும்பப் படகின் கதை மகன் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒகாச்சி ஏரியில் தொடங்குகிறது என்பது எனக்கே ஆச்சரியம். ஓலே எவின்ரூட் என்பவர் 1877இல் நார்வேயில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் விஸ்கான்சினுக்கு வந்தவர். பெரிய படிப்பு கிடையாது, மெஷின் ஷாப்பில் வளர்ந்த ஆள். அவர் மணக்கவிருந்த பெஸ் கேரியோடு ஒரு கோடை நாள் அந்த ஏரிக்கு உல்லாசமாகப் போனார். பெஸ் ஐஸ்கிரீம் வேண்டும் என்றார். ஓலே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் வெயிலில் அது பாயசமாகிவிட்டது. படகுக்கு ஒரு மோட்டார் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது அன்றுதான் என்று சொல்கிறார்கள். முதலில் செய்த மாதிரியைப் பார்த்த பெஸ், காபிக்கொட்டை அரைக்கிற மெஷின் மாதிரி இருக்கிறது என்றாராம்.

படகுக்குப் பின்னால் மாட்டும் மோட்டாரை அவருக்கு முன்பே செய்தவர்கள் உண்டு. டெட்ராய்ட்டில் கேமரன் வாட்டர்மன் 1905 வாக்கிலேயே செய்தார். ஆனால் 1909இல் விற்பனைக்கு வந்த எவின்ரூட் மோட்டார்தான் சாதாரண மனிதனின் கைக்கு எட்டியது. ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, அதாவது 28 கிலோ, விலை 62 டாலர். அதை விற்றது பெஸ்தான். கடிதப் போக்குவரத்து, கணக்கு, விளம்பரம் எல்லாம் அவர் பொறுப்பு. பி.காம். படித்தவன் என்ற முறையில் அந்த அம்மாளுக்கு ஒரு வணக்கம். அவர் எழுதிய விளம்பரத்தின் சாரம், இனித் துடுப்புப் போடாதீர்கள், துடுப்புகளைத் தூக்கி எறியுங்கள் என்பது. மோட்டார் நன்றாக விற்றது.

துடுப்புப் போடுகிறவன் தண்ணீரை மெல்லத்தான் கற்றுக்கொள்கிறான். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, ஓர் ஆள் எழுந்து நின்றால் படகு எப்படிச் சாய்கிறது, கரை வருவதற்கு எவ்வளவு முன்னால் கையை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தோள் வலியோடு சேர்ந்து வருகிற படிப்பு. மோட்டார் வந்ததும் அந்தப் படிப்பு இல்லாமலே ஏரி நடுவுக்குப் போக முடிந்தது. பிறகு தவணையும் வந்தது. மிச்சிகன் மாநிலத்தில் அல்கோனாக் என்ற ஊரில் கிரிஸ்-கிராஃப்ட் கம்பெனி, பணக்காரர்களின் பொம்மையாக இருந்த மரப் படகுகளைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து, 1929இல் நடுத்தரக் குடும்பங்களுக்கும் தவணையில் கொடுத்தது. கடன் கொடுக்கும்போது சம்பளச் சான்று கேட்பார்கள். படகு ஓட்டத் தெரியுமா என்று எந்த வங்கி கேட்கும்? நானே எத்தனையோ வாகனக் கடன் மனுக்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை.

சட்டம் பின்னாலேயே வந்தது, ஆனால் மெதுவாக. 1910இல் அமெரிக்காவின் முதல் மோட்டார் படகுச் சட்டம். விளக்கு, விசில், மிதவை, தீயணைக்கும் சாதனம் இருக்க வேண்டும் என்றது. கூலிக்கு ஆள் ஏற்றுபவருக்கு மட்டும் லைசென்ஸ். சொந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவரை ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை மத்திய அரசு கேட்பதில்லை, மாநிலங்கள்தான் கேட்கின்றன. 1914இல் சில படகுக்காரர்கள் தாங்களாகவே சேர்ந்து பவர் ஸ்குவாட்ரன் என்ற சங்கத்தைத் தொடங்கிப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். 1939இல் கடலோரக் காவல் படைக்கு ஒரு தொண்டர் அமைப்பு வந்தது. அந்தத் தொண்டர்கள் இன்றும் கேட்டால் வந்து, நம் படகை இலவசமாகச் சோதித்துப் பார்த்துச் சொல்கிறார்கள். குறை இருந்தால் அபராதம் போடமாட்டார்கள். புதுப் படகு வாங்கியவர் முதலில் செய்ய வேண்டிய வேலை அவர்களைக் கூப்பிடுவதுதான் என்பது என் கருத்து.

1940 சட்டத்துக்குப் பின்னால் இருப்பது நெருப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் கீழே இறங்கித் தெருவோடு போய்விடும். படகில் போக இடமில்லை. எஞ்சினைச் சுற்றி, அடித்தட்டில் தேங்கி நிற்கும். சாவியைத் திருப்பும்போது ஒரு பொறி போதும். அதனால்தான் எஞ்சினிலிருந்து தீ வெளியே வராமல் தடுக்கும் வலையும், அடித்தட்டுக்குக் காற்றோட்டமும் கட்டாயமாயின. உள்ளே எஞ்சின் வைத்த படகானால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு நிமிடம் விசிறியை ஓடவிட்டு, பிறகு குனிந்து மூக்கால் முகர்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். அந்த நான்கு நிமிடத்தைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது.

1958இல் வந்த சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. படகுகளுக்கு மாநிலங்கள் எண் கொடுக்க வேண்டும், விபத்து நடந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. வவுச்சர் வந்தால்தானே லெட்ஜர் எழுத முடியும்? யார் எப்படிச் செத்தார்கள் என்று வருடா வருடம் கணக்குப் போட முடிந்தது அதற்குப் பிறகுதான். 1973இல் 1,750 பேருக்கு மேல் இறந்தார்கள். 50 வருடம் கழித்து, 2023இல் 564 பேர். இத்தனைக்கும் படகுகள் இந்த இடைவெளியில் பல லட்சம் கூடியிருக்கின்றன.

இறங்குமுகத்துக்கு முக்கியக் காரணம் 1971 சட்டம். படகு கட்டுகிறவனையே அது பிடித்தது. 20 அடிக்கு உட்பட்ட படகில் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு எடை என்று ஒரு தகடு பதிக்க வேண்டும். தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காமல் மிதக்கும்படி உள்ளே நுரைப் பொருள் வைக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாதே, படகையே பிடித்துக்கொண்டிரு என்ற அறிவுரை இந்த நுரையை நம்பித்தான் சொல்லப்படுகிறது.

அந்தத் தகட்டினால் எங்கள் வீட்டில் ஒரு மனஸ்தாபமே வந்துவிட்டது. மகனின் நண்பர்கள் இரண்டு குடும்பம், எல்லாரும் நம் ஊர்க்காரர்கள், புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஏரிக்கு வந்துவிட்டார்கள். எங்களோடு சேர்த்து 11 பேர். தகட்டில் இருப்பது 8. "குழந்தைகள்தானே மாமா, மடியில் உட்காரட்டும்" என்றார் ஒருவர். மகன் தலையாட்டத் தயாராக இருந்தான். மருமகள்தான் முடியாது என்றாள். எல்லார் முகமும் சுண்டிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு 2009இல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனதும், 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர் போனதும் நினைவுக்கு வந்தன. நானே எழுந்து, "முதல் ரவுண்டு நீங்கள் போய்விட்டு வாருங்கள், நாங்கள் அடுத்தது" என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு குடும்பம் கடைசிவரை சரியாகப் பேசவில்லை.

மருமகளுக்கு இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். விஸ்கான்சினில் 1989 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேறினால்தான் மோட்டார் படகு ஓட்டலாம். என் மகன் 1986. படிக்க வேண்டியதில்லை. மருமகள் 1989 மார்ச். படித்தே ஆக வேண்டும். ஆக, படகு வாங்கியவனுக்கு ஒன்றும் தெரியாது, கூட வந்தவளுக்கு எல்லாம் தெரியும். முதல் நாள் டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கும்போது, "அடைப்பான் போட்டாச்சா?" என்று அவள் கேட்டதும் மகன் விழித்தான்.

படகின் பின்பக்கம் அடியில் கட்டைவிரல் அளவு ஓட்டை ஒன்று இருக்கிறது. கரைக்கு வந்ததும் உள்ளே சேர்ந்த நீரை வடிக்க அதைத் திறந்துவிட வேண்டும். இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. கப்பல்களின் அடிநீரோடு ஐரோப்பாவிலிருந்து வந்த விரல்நகம் அளவு வரிச்சிப்பி ஒன்று 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. தண்ணீர்க் குழாய்களை அடைத்து, ஏரி ஏரியாகப் பரவியது. படகில் மிஞ்சிய நீரோடு அது அடுத்த ஏரிக்குப் போகாமலிருக்க, ஏரியை விட்டுக் கிளம்பும்போதே வடித்துவிட வேண்டும் என்று விஸ்கான்சின் உட்படப் பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. திறந்ததை மறுநாள் மூட மறந்தால் படகு பின்பக்கமாக அமிழத் தொடங்கும். புதியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதானாம். மகன் அடைப்பானைக் கார்ச் சாவியோடு கோத்து வைத்துக்கொண்டான். படகை இறக்கும்போது சாவியைப் பார்த்தால் அது ஞாபகம் வந்துவிடும்.

இன்னும் இரண்டு விதிகள் மிகச் சமீபத்தவை. ஓட்டுகிறவர் இடுப்பிலோ உடுப்பிலோ ஒரு சுருள் கயிற்றை மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். கயிறு இல்லாவிட்டால், ஆளில்லாத படகு நேராகப் போய்விடாது. விசிறி சுழலும் வேகத்தில் ஸ்டியரிங் தானாகவே திரும்பி, படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். அந்தக் கயிறு பல படகுகளில் வெகுகாலமாகவே இருந்தது. மாட்டித்தான் ஆக வேண்டும் என்ற மத்தியச் சட்டம் சிறு படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல்தான் வந்தது.

மற்றது புகை. 2000ஆம் ஆண்டு லேக் பவல் ஏரியில் ஒரு வீட்டுப் படகின் பின்னால் நீந்திக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள், அண்ணன் தம்பி, இறந்துபோனார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு காரணம். திறந்த வெளியில் புகை என்ன செய்யும் என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்போது குழந்தைகளைப் பின்படியில் உட்காரவிடக் கூடாது. என் பேத்திக்குப் பிடித்த இடமே அதுதான். அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

லைஃப் ஜாக்கெட் பற்றி அதிகம் எழுதவில்லை. 2023 கணக்கில், காரணம் தெரிந்த மரணங்களில் முக்கால்வாசி நீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் போடவில்லை. பெரும்பாலும் அது படகிலேயே, இருக்கைக்கு அடியில்தான் கிடந்திருக்கும். நான் கரையில் காரை விட்டு இறங்கும்போதே போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

இருக்கைக்கு அடியில் வேறொன்றும் வைக்கச் சொல்கிறார்கள், ஒரு துடுப்பு. பெஸ் அம்மாள் தூக்கி எறியச் சொன்னது 100 வருடம் கழித்துப் பட்டியலில் திரும்பி வந்திருக்கிறது. எவின்ரூட் மோட்டார்களின் உற்பத்தியோ 2020இல் நின்றுவிட்டது. ஆகஸ்ட் மாதம், நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, ஒகாச்சி ஏரியில் கரையிலிருந்து அரை மைலில் எஞ்சின் நின்றது. பேட்டரி. மகன் ஒரு பக்கம் போடுவான், படகு மறுபக்கம் திரும்பும். பிறகு முன்னால் போய் முழங்காலிட்டு, இடது வலது என்று மாற்றி மாற்றிப் போட்டான். கரைக்கு வர 50 நிமிடம் ஆயிற்று. காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது என்பதை அன்றுதான் நாங்கள் எல்லாருமே கவனித்தோம்.