கூர்க்கா கத்தி: கனமா, வேகமா?

தமிழ்நாட்டில் "கூர்க்கா" என்பது ஒரு வேலையின் பெயர். ராத்திரி விசில் ஊதிக்கொண்டு, தடியால் தரையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர். மாதம் பிறந்தால் கடை கடையாக ஏறி இறங்கி அஞ்சோ பத்தோ வாங்கிக்கொள்பவர். திருப்பூர் பனியன் கம்பெனி கேட்டில் நின்றாலும் அவர் கூர்க்காதான். குன்னத்தூர் பக்கத்துக் கடைவீதியில் நடந்தாலும் கூர்க்காதான். அவர் உண்மையில் நேபாளியா, அஸ்ஸாமியா என்று யாரும் கேட்பதில்லை. 1950-ல் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இரண்டு நாட்டு மக்களும் விசா இல்லாமல் போய்வர முடிகிறது. அதனால்தான் இமயமலை அடிவாரத்துப் பையன் கொங்குநாட்டில் வந்து வேலை பார்க்கிறான்.

அவரைப் பற்றி நம் ஊரில் ஒரு கதையும் உண்டு. கூர்க்கா இடுப்பில் ஒரு வளைந்த கத்தி இருக்கும். அதை உறையிலிருந்து உருவிவிட்டால் ரத்தம் பார்க்காமல் திரும்ப உள்ளே போடமாட்டார். யாரும் கிடைக்காவிட்டால் தன் விரலையாவது கீறிக்கொள்வார்! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நேபாளத்து மலைக்கிராமத்தில் அந்தக் கத்தியால்தான் விறகு வெட்டுகிறார்கள், புதர் கழிக்கிறார்கள், தசைன் பண்டிகைக்கு ஆடு வெட்டுகிறார்கள், காய்கறியும் நறுக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் விரலைக் கீறிக்கொண்டால் யாருக்கும் விரல் மிஞ்சியிருக்காது.

அந்தக் கத்தியின் பெயர் குக்ரி. காத்மாண்டு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு குக்ரி, 16-ஆம் நூற்றாண்டில் கோர்க்கா ராஜ்ஜியத்தை ஆண்ட திரவ்ய ஷாவுடையது என்று சொல்லப்படுகிறது. (கோர்க்கா என்பது ஊர்ப்பெயர். அந்த ஊர் அரசன் பிருத்வி நாராயண் ஷா 1768-ல் காத்மாண்டுவைப் பிடித்தார். அந்த ஊர்ப்பெயர்தான் பிறகு படையின் பெயராகி, நம் ஊரில் வாட்ச்மேன் பெயராகியும் விட்டது.) அலெக்சாந்தருடன் வந்த கிரேக்கர்களின் வாளைப் பார்த்துத்தான் குக்ரி செய்தார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. இரண்டும் முன்பக்கம் வளைந்தவை என்பதைத் தவிர அதற்குப் பெரிய ஆதாரம் எதுவும் இல்லை. புல் அறுக்கவும் கிளை வெட்டவும் வளைந்த கத்தி வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு விவசாயிக்கு அலெக்சாந்தர் எதற்கு?

இதைக் கொங்குநாட்டுக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். இங்கே வீட்டுக்கு வீடு கொடுவாள் இருக்கிறது. வேலிமுள் வெட்ட, மட்டை கழிக்க, இளநீர் சீவ எல்லாவற்றுக்கும் அதுதான். கனமாக இருக்கும். கை ஓங்கினால் போதும், மீதி வேலையை அதன் எடையே பார்த்துக்கொள்ளும். ஆனால் குன்னத்தூர் பக்கம் கருப்பட்டிக்காகப் பனை ஏறுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். பாளை சீவ அவர் கொடுவாளை எடுத்துப்போக மாட்டார். அதற்குத் தனியாக ஒரு கத்தி வைத்திருப்பார். மெல்லியது, லேசானது, சவரக்கத்தி மாதிரி கூரானது. மரத்தின் உச்சியில் ஒரு கையில் பிடித்துக்கொண்டு பாளையை இழை இழையாகச் சீவ வேண்டும். அங்கே கனம் உதவாது, தொல்லைதான்.

குக்ரியிலும் இதே கதைதான். வெளியூர்க்காரர்களுக்கு எல்லாக் குக்ரியும் ஒன்றுபோலத் தெரியும். நேபாளத்தில் அப்படியில்லை. கிழக்கு நேபாளத்தில் போஜ்பூர் என்று ஒரு ஊர். அந்த ஊர்ப்பெயரில் வழங்கும் போஜ்பூரே குக்ரி அகலமானது, வயிறு பெருத்தது, கனமானது. நம் கொடுவாளுக்குத் தம்பி என்று சொல்லலாம். இன்னொன்று சிருபாதே. 'சிரு' என்பது ஒரு புல். 'பாத்' என்றால் இலை. புல்லிலை போலக் குறுகலாக, ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர். அலகு 10 அங்குலமோ 12 அங்குலமோ நீளம் இருந்தாலும், அகலம் குறைவு என்பதால் எடை குறைவு. முதுகுப் பக்கத்தில் பள்ளம் எடுத்து எடையைக் குறைத்த ஆங்கோலா என்ற வகையும் இருக்கிறது. சண்டைக்கு எது நல்லது என்று கேட்டால் நேபாளத்திலேயே பலர் சிருபாதேயைத்தான் காட்டுவார்கள்.

ஏன்? கத்தியின் மொத்த எடையை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் நிலைமத் திருப்புத்திறன்தான் இது. பிடியிலிருந்து ஒரு எடை இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், அதைச் சுழற்றவும் நிறுத்தவும் நான்கு மடங்கு பாடுபட வேண்டும். போஜ்பூரேயில் இரும்பு முழுவதும் நுனிப்பக்கம் வயிற்றில் இருக்கிறது. அதனால் வெட்டு ஆழமாக விழும். மரக்கிளைக்கு அது சரி. கிளை நகராது, திருப்பி அடிக்காது. எதிரே இருப்பவன் ஆயுதத்தோடு நிற்கும்போது முதல் வெட்டு தவறினால், கனமான கத்தி தன் வேகத்தில் கையையும் இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். அதை நிறுத்தி மறுபடி தூக்குவதற்குள் கதை முடிந்துவிடும். லேசான சிருபாதே அப்படி இழுக்காது; உடனே திரும்பும். வெட்டின் ஆழம் குறைவுதான். ஆனால் குக்ரியின் வளைவு அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடு செய்கிறது. அலகு முன்பக்கம் மடங்கியிருப்பதால் மணிக்கட்டை மடக்காமலே விளிம்பு சாய்வாகப் படும். அடிக்கும்போதே அறுக்கவும் செய்யும்.

நகராத இலக்குக்குக் கனம்தான் வேண்டும் என்பதற்குத் தசைன் பண்டிகையே சாட்சி. கூர்க்காப் படைப்பிரிவுகளில் எருமை பலி கொடுத்தபோது இடுப்புக் குக்ரியை எடுத்ததில்லை. அதற்கென்றே மிகப் பெரிய, மிகக் கனமான கத்தி வைத்திருந்தார்கள். ஒரே வெட்டு, அவ்வளவுதான். நம் ஊர்க் கோயில்களில் கிடா வெட்டுக்குத் தனி அரிவாள் இருப்பது போல.

இந்தக் கத்தியை வெள்ளைக்காரர்கள் முதன்முதலில் நன்றாக அனுபவித்தது 1814-ல். அந்தச் சம்பவத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது பலர் கவனிக்காத விஷயம்.

1806 ஜூலை 10. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். செய்தி ஆற்காட்டுக்குப் போனது. அங்கிருந்து குதிரைப்படையோடு பறந்து வந்தவர் கர்னல் ராபர்ட் ரோலோ கில்லெஸ்பி. கோட்டைச் சுவரில் கயிற்றைப் பிடித்து ஏறினார். பீரங்கி வந்ததும் கதவைப் பிளக்க வைத்தார். அன்று காலையிலேயே புரட்சியை ஒடுக்கிவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவர்களையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். நம் பாடப்புத்தகத்தில் கில்லெஸ்பி அத்தோடு மறைந்துவிடுகிறார்.

ஆனால் அவர் கதை எட்டு வருடம் கழித்து இமயமலை அடிவாரத்தில் முடிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நேபாளத்துக்கும் போர். டேராடூன் அருகே நாலாபானி மலைமேல் கலங்கா என்று ஒரு சின்னக் கோட்டை. உள்ளே பல்பத்ர குன்வர் என்ற தளபதியும் சுமார் 600 பேரும். அதில் பெண்களும் குழந்தைகளும் சேர்த்தி. வெளியே மேஜர் ஜெனரல் ஆகிவிட்ட கில்லெஸ்பியும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படையும். 1814 அக்டோபர் 31 அன்று கில்லெஸ்பி தாக்கச் சொன்னார். குதிரையிலிருந்து இறங்கி வாளோடு முன்னேறிய டிராகூன் வீரர்கள் தடுப்புவேலி அருகே கூர்க்காக்களிடம் நேருக்கு நேர் சிக்கினார்கள். நீண்ட வாளுக்கும் குட்டைக் குக்ரிக்கும் நடந்த சண்டையில் டிராகூன்களில் பலர் காயப்பட்டு, பின்வாங்க நேர்ந்தது. நெருக்கத்தில் வாளை வீச இடம் வேண்டும். குக்ரிக்கு ஒரு முழம் போதும். வேலூரில் வென்றது போலவே இங்கும் தானே முன்னால் நின்று ஆட்களைத் திரட்டிக்கொண்டு கதவை நோக்கிப் போனார் கில்லெஸ்பி. ஒரு குண்டு அவர் மார்பில் பாய்ந்தது. அங்கேயே முடிந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கில்லெஸ்பியைக் கொன்றது குக்ரி அல்ல, துப்பாக்கி. கலங்காவில் கூர்க்காக்கள் துப்பாக்கி, அம்பு, கல் எல்லாவற்றையும் பயன்படுத்தினார்கள். பெண்கள் மதில்மேல் நின்று கல்லெறிந்தார்கள். குக்ரி வெளியே வந்தது எதிரி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான். "குக்ரியால் வெள்ளைக்காரனைத் தோற்கடித்தார்கள்" என்று எழுதுவது அந்தப் பெண்களின் கல்லுக்குச் செய்யும் துரோகம்!

நவம்பர் 27-ல் இரண்டாவது தாக்குதலும் தோற்றது. கடைசியில் கம்பெனி செய்தது வேறு: கோட்டைக்குப் போகும் தண்ணீரைத் தடுத்து, பீரங்கியால் அடித்துக்கொண்டே இருந்தது. நவம்பர் 30 அன்று பல்பத்ரர் மிஞ்சிய சுமார் 70 பேரோடு வெளியே வந்து, முற்றுகையை உடைத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அவர் ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்து 1823-ல் நௌஷேராப் போரில் இறந்தார். டேராடூனில் இன்றும் இரண்டு நினைவுத்தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று கில்லெஸ்பிக்கும் அவரோடு இறந்தவர்களுக்கும். மற்றொன்று பல்பத்ரருக்கும் அவருடைய வீரர்களுக்கும். எதிரிக்குத் தூண் எழுப்பிய கம்பெனி, வேலூரில் சுட்டுக் கொன்ற சிப்பாய்களுக்கு எதுவும் எழுப்பவில்லை.

போர் முடியும் முன்பே, 1815-லேயே, கம்பெனி கூர்க்காக்களைத் தன் படைக்கு ஆள் எடுக்க ஆரம்பித்தது. வீரர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த குக்ரிகள் ஒவ்வொன்றும் ஒரு அளவு, ஒரு எடை. காலப்போக்கில் ராணுவம் தானே ஒரே மாதிரி குக்ரி செய்து கொடுத்தது. அப்படி வந்தது லேசான சிருபாதேயும் அல்ல, கனமான போஜ்பூரேயும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. காரணம் எளிது. சிப்பாய் அந்தக் கத்தியால் சண்டை போடுவது வாழ்நாளில் ஒருமுறையோ இரண்டு முறையோதான். மற்ற நாட்களில் காட்டில் வழி வெட்ட வேண்டும், கூடாரத்துக்குக் கம்பு வெட்ட வேண்டும், குழி தோண்ட வேண்டும், டின் உடைக்க வேண்டும். சிருபாதேயால் மூங்கில் வெட்டினால் கை ஓய்ந்துவிடும். போஜ்பூரேயை ஏற்கனவே துப்பாக்கியும் தோட்டாவும் சுமக்கிறவன் இடுப்பில் கட்டினால் இடுப்பு ஓய்ந்துவிடும்.

எந்த வகையாக இருந்தாலும் செய்யும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்று நேபாளத்துக் கொல்லர்கள் அதிகம் பயன்படுத்துவது பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. நம் திருப்பாச்சேத்தி அரிவாளும் அதில்தான் பிறக்கிறது! பழுக்கக் காய்ச்சி அடித்த பிறகு, முழுக் கத்தியையும் தண்ணீரில் முக்குவதில்லை. கெண்டியிலிருந்து விளிம்பில் மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறார்கள். விளிம்பு கடினமாகிறது, முதுகு மென்மையாக நின்றுவிடுகிறது. அதனால் கூரும் நிற்கும், ஓங்கி அடித்தாலும் உடையாது. ஒல்லியான சிருபாதே பிழைப்பதே இதனால்தான். உறையின் பின்னால் இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கும். 'கர்தா' சில்லறை வேலைக்கு. 'சக்மக்' தீட்டுவதற்கும் நெருப்புத் தட்டுவதற்கும். பிடிக்கு அருகே உள்ள சின்ன வெட்டு எதற்கு என்று கேட்டால் சிவனின் சூலம் என்பார்கள், பசுவின் குளம்பு என்பார்கள், ரத்தம் பிடிக்கு வராமல் சொட்டுவதற்கு என்பார்கள். ஆளுக்கு ஒரு விளக்கம்.

குக்ரி எவ்வளவு லேசாக இருந்தாலும் போதாத இடம் ஒன்றும் இருக்கிறது. 1945 மார்ச் 5, பர்மாவில் தமாண்டு அருகே. பான்பக்த குருங் என்ற கூர்க்காச் சிப்பாய் ஜப்பானியரின் பதுங்குகுழிகளைத் தனியாளாக ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனார். கடைசியாக ஒரு பங்கர். கையெறி குண்டு தீர்ந்துவிட்டது, புகைக்குண்டுதான் மிச்சம். அதை உள்ளே போட்டார். கண் எரிய வெளியே ஓடிவந்த இரண்டு பேரைக் குக்ரியால் வெட்டினார். உள்ளே இன்னும் ஒருவன் இயந்திரத் துப்பாக்கியோடு இருந்தான். பான்பக்தர் தவழ்ந்து உள்ளே போனார். குக்ரியை ஓங்கக்கூட அங்கே இடம் இல்லை. ஒரு கல்லை எடுத்து அடித்தே அவனை முடித்தார். அதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அடுத்த வருடமே படையை விட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார், 2008-ல் காலமானார்.

சுதந்திர இந்தியாவில் குக்ரிக்குச் சட்டத்திலும் ஒரு இடம் கிடைத்தது. 1962-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட ஆயுதங்களின் வரிசையில் வாள், ஈட்டி, கிர்பான் இவற்றோடு குக்ரியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்யப்பட்ட கத்திகளுக்கு அதே விதியில் விலக்கு இருந்தது. ஆகவே குன்னத்தூர்க்காரரின் கொடுவாள் கருவி; நேபாளத்து விவசாயி அதே வேலைக்கு வைத்திருக்கும் கத்தி ஆயுதம்.