வலையமைப்பில் வரிசைக் கொள்கை

வரிசைக் கொள்கை என்பது ரூட்டருக்கோ சுவிட்சுக்கோ முன்கூட்டியே எழுதி வைக்கப்படும் விதித்தொகுப்பு. ஒரு லிங்க் தாங்குவதைவிட அதிகமான பாக்கெட்டுகள் அதன் வாசலில் வந்து குவியும்போது எது முதலில் போவது, எது காத்திருப்பது, எதைக் கைவிடுவது என்பதை அது தீர்மானிக்கிறது. சேவைத் தரம் எனப்படும் கியூஓஎஸ் ஏற்பாடுகளின் மையம் இதுவே. எந்தக் கொள்கையும் பேண்ட்வித்தைக் கூட்டித் தராது. லிங்க் காலியாகக் கிடக்கும்வரை இவ்விதிகளுக்கு வேலையும் இல்லை.

இதே சிக்கலைப் பாசனத்தில் நாஞ்சில் நாடு நீண்ட காலமாக அறிந்திருக்கிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையை உள்ளடக்கிய கோதையாறு பாசன அமைப்பில், நீர் குறையும் ஆண்டுகளில் கால்வாய்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது வழக்கம். வாய்மடையில் ஷட்டரைத் திறக்கும் அளவே கடைமடை வயலின் பங்கை முடிவு செய்கிறது. ஆனால் ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு நாள் தாமதித்து வந்தாலும் தண்ணீர் பயிருக்கு உதவும். தொலைபேசிப் பேச்சைச் சுமந்து வரும் பாக்கெட் அரை நொடி தாமதித்தால் அதனால் பயனில்லை. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

தொடக்ககால ரூட்டர்களில் ஒரே வரிசைதான்; முன்னால் வந்தது முன்னால் போகும், இடம் நிறைந்தால் பின்னால் வந்தது கைவிடப்படும். 1981இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணம் பாக்கெட்டின் தலைப்பில் எட்டு முன்னுரிமை நிலைகளுக்கு இடம் ஒதுக்கியிருந்தும் பல ஆண்டுகள் அது பெரிதாகப் பயன்படவில்லை. 1985இல் ஜான் நேகிள் எழுதிய ஆர்.எஃப்.சி. 970 ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னது: ரூட்டருக்கு எல்லையற்ற நினைவகம் கொடுத்தாலும் நெரிசல் தீராது, காத்திருப்பு நீளும், அவ்வளவே. அனுப்புநர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்துச் சுற்றுமுறையில் ஒவ்வொரு பாக்கெட்டாக எடுப்பதே அவர் முன்வைத்த தீர்வு. மறு ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், சுமார் 400 கெஜ தூரத்தில் இருந்த இரு நிறுவனங்களுக்கிடையே வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. அதன்பின் வான் ஜேக்கப்சன் செய்த திருத்தங்கள் அனுப்பும் கணினிகளுக்கு அடக்கம் கற்பித்தன. ஆனால் அடங்க மறுக்கும் கணினியிடமிருந்து பிறரைக் காக்க ரூட்டரிலும் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

நேகிளின் சுற்றுமுறையில் ஒரு குறை உண்டு. பாக்கெட்டுகளை எண்ணிக்கையால் பங்கிட்டால், பெரிய பாக்கெட் அனுப்புபவருக்கு அதிகம் கிடைத்துவிடும். 1989இல் ஆலன் டெமர்ஸ், தில்லி ஐஐடியில் படித்த ஸ்ரீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் மூவரும் பிட் பிட்டாகப் பகிர்ந்தால் எந்தப் பாக்கெட் எப்போது முடியும் என்று கணக்கிட்டு, அந்த ஒழுங்கில் அனுப்பும் நியாய வரிசை முறையை வகுத்தனர். கணக்கு துல்லியமானது, ஆனால் வேகமான கருவிகளுக்கு அது பெரும் சுமை. 1995இல் எம். ஸ்ரீதரும் மும்பை ஐஐடியில் படித்த ஜார்ஜ் வர்கீஸும் அதை வியக்கத்தக்க அளவு எளிதாக்கினர். அவர்கள் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் வரிசைக்கு இத்தனை பைட் என்று வரவு வைக்கப்படும். முன்னால் நிற்கும் பாக்கெட் வரவைவிடப் பெரிதென்றால் அது காத்திருக்கும். மிச்சம் அடுத்த சுற்றின் கணக்கில் சேரும். யாருடைய பங்கும் தொலைவதில்லை. பாக்கெட்டைத் தேர்ந்தெடுக்க ஆகும் வேலையும் வரிசைகளின் எண்ணிக்கையோடு கூடுவதில்லை.

இணைப்பு ஒவ்வொன்றுக்கும் வழி நெடுக இடம் பதிவு செய்யும் முயற்சி 1990களின் நடுவில் நடந்தது. வழியிலுள்ள ரூட்டர் ஒவ்வொன்றும் எல்லா இணைப்பையும் நினைவில் வைக்க வேண்டியிருந்ததால் பொது இணையத்தில் அது வேரூன்றவில்லை. 1998இல் வந்த வகைப்பிரிப்பு முறைதான் நிலைத்தது. இதில் பாக்கெட்டின் தலைப்பில் ஆறு பிட்டில் ஒரு குறி இடப்படுகிறது. 64 மதிப்புகளுக்கு இடமுண்டு. குரலுக்கு வழக்கமாக 46. நடுவிலுள்ள ரூட்டர் ஆளைப் பார்ப்பதில்லை, குறியை மட்டும் பார்க்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சுகளுக்கும் விலேன் பட்டையில் மூன்று பிட் முன்னுரிமை வரையறுக்கப்பட்டது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது; இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதி. அரசு அலுவலகங்களை இணைக்கும் மாநிலப் பரந்த வலையமைப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு 2005 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. தலைநகரிலிருந்து மாவட்டம், அங்கிருந்து வட்டாரம் என்று குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட் லிங்க்கில் தரவு, குரல், காணொளி மூன்றையும் கொண்டு செல்வது அதன் நோக்கம். குமரி மாவட்டத்தின் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்களைப் போன்ற கடைமடை அலுவலகங்களில்தான் வரிசைக் கொள்கையின் அவசியம் வெளிப்படையாகத் தெரியும். 1500 பைட் பாக்கெட் ஒன்று அந்த லிங்க்கைக் கடக்க 6 மில்லிநொடி ஆகும். கோப்புப் பதிவிறக்கத்தில் அப்படி 64 பாக்கெட் முன்னால் நின்றால், பின்னால் வரும் குரல் பாக்கெட் 384 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். பேச்சு சிதைந்துபோக அதுவே போதும்.

அமைக்கும் வேலை மூன்று படிகளில் நடக்கிறது. சிஸ்கோ கருவிகளில் பாக்கெட்டை இனம் பிரிப்பது கிளாஸ்-மேப். இனத்துக்கு என்ன செய்வது என்று சொல்வது பாலிசி-மேப். அதை ஒரு வாசலில் பொருத்துவது சர்வீஸ்-பாலிசி. பிற நிறுவனக் கருவிகளில் பெயர் மாறினாலும் கருத்து இதுதான். குரலுக்குக் கண்டிப்பான முன்னுரிமை வரிசை தரப்படுகிறது. ஆனால் அதற்கு வரம்பு கட்டாயம். வரம்பில்லாவிட்டால் மற்ற வரிசைகள் பட்டினி கிடக்கும். ஜி.711 முறையிலான அழைப்பு ஒன்று, தலைப்புகளோடு, ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 80 கிலோபிட் எடுக்கும். லிங்க்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்னுரிமைக்குத் தரலாகாது என்ற நடைமுறைக் கணக்கின்படி 2 மெகாபிட்டில் எட்டு அழைப்புகளுக்கே இடம். ரூட்டர்கள் தமக்குள் பேசும் வழித்தடச் செய்திகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அவை தொலைந்தால் லிங்க்கே அறுந்ததாகக் கருதப்படும்.

குறியை எங்கே நம்புவது என்பது அடுத்த கேள்வி. எந்தக் கணினியும் தன் பாக்கெட்டில் 46 என்று தானே எழுதிக்கொள்ள முடியும். ஆகவே மேசைக்கு அருகிலுள்ள சுவிட்சிலேயே அந்நியக் குறிகளை அழித்து, தொலைபேசி இணைந்த வாசலை மட்டும் நம்புவதே முறை.

அடிக்கடி நேரும் தவறு இடத்தைப் பற்றியது. நாகர்கோவிலிலிருந்து தோவாளைக்குப் போக வேண்டிய பாக்கெட் காத்திருப்பது நாகர்கோவில் ரூட்டரின் வெளிவாசலில். தோவாளை ரூட்டரில் மட்டும் கொள்கை எழுதினால் அது எதிர்த்திசைக்கே உதவும். இன்னொரு நுட்பமும் உண்டு. சேவை நிறுவனம் தரும் வாசல் 100 மெகாபிட்டாகவும் ஒப்பந்த வேகம் 2 மெகாபிட்டாகவும் இருந்தால், அலுவலக ரூட்டர் நெரிசலை உணராமல் எல்லாவற்றையும் தள்ளிவிடும். மிகுதியை மறுமுனை கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். ரூட்டரையே 2 மெகாபிட்டுக்குச் சற்றுக் கீழே கட்டுப்படுத்தி, வரிசையை அங்கேயே உருவாகச் செய்து, அதற்குள் வகைகளைப் பிரித்தால்தான் கொள்கை உயிர்பெறும்.

பாரத்நெட் திட்டம் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கு நொடிக்கு 1 கிகாபிட் என்ற அளவைக் கொண்டுவரும் நோக்குடையது. குமரியின் 95 ஊராட்சிகளும் அதில் அடக்கம். அந்த வேகத்தில் 1500 பைட் பாக்கெட் 12 மைக்ரோநொடியில் கடந்துவிடும். நெரிசல் அத்துடன் ஒழிவதில்லை; வைஃபைக்கும் வீட்டு ரூட்டருக்கும் இடம்பெயர்கிறது. நினைவகம் மலிவானதால் நீண்டுபோன வரிசைகளே தாமதத்துக்குக் காரணமாகும் நிலையை ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நேகிள் எச்சரித்தது கால் நூற்றாண்டு கழித்து வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. 2012இல் கேத்லின் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் தந்த கோடெல் முறை, வரிசையின் நீளத்தை அளக்காமல் பாக்கெட் காத்திருந்த நேரத்தை அளக்கிறது. அந்த நேரம் 100 மில்லிநொடி முழுவதும் 5 மில்லிநொடிக்குக் குறையாதிருந்தால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கி, அனுப்புநருக்கு நெரிசலை உணர்த்துகிறது. இவ்வகையைச் சேர்ந்த எஃப்கியூ-பை முறையை சூரத்கல் தேசிய தொழில்நுட்பக் கழகத்தினர் எழுதித் தர, 2020இல் அது லினக்ஸில் இணைந்தது.

ஓர் அலுவலகம் தன் வலையமைப்பில் யாரை முன்னே விடுவது என்பது அதன் உரிமை. இணையச் சேவை நிறுவனம் வாடிக்கையாளர்களின் பாக்கெட்டுகளிடையே பாகுபாடு காட்டலாமா என்பது வேறு கேள்வி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 நவம்பரில் அளித்த பரிந்துரைகளை 2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது. உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுப்பதும் வேகம் குறைப்பதும் முன்னுரிமை தருவதும் அதன்படி கூடாதவை. நெரிசலைச் சமாளிக்கும் நியாயமான நிர்வாகத்துக்கும், தொலைவிலிருந்து செய்யும் அறுவை சிகிச்சை போன்ற சிறப்புச் சேவைகளுக்கும் விலக்கு உண்டு.