கோனாட்டு நீதியுரைஞர்

ராஜநீதி என்றவுடன் பாடலிபுத்திரத்து மௌரிய சபையையும், சந்திரகுப்தனை அரியணையில் அமர்த்தியவர் எனப் பரம்பரைக் கதைகள் போற்றும் சாணக்கியரையும் நினைப்பது நம்மவர் வழக்கம். தஞ்சை ஜில்லாப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசாங்க நூல்நிலையத்துக்கு அளித்த சுவடியைக் கொண்டு சாமசாஸ்திரி 1909-ல் அச்சிட்ட அர்த்தசாஸ்திரம் அந்தக் கீர்த்தியை உலகெங்கும் பரப்பிற்று. ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1894-ல், உ. வே. சாமிநாதையர் வெளியிட்ட புறநானூற்றில், வேந்தன் முகத்துக்கு நேரே நியாயம் உரைத்த வேறொருவரும் வெளிப்பட்டிருந்தார். அவர் இன்றைய புதுக்கோட்டைச் சீமைக்கு உரியவர் என்பதை நாம் போதிய அளவு பாராட்டவில்லை என்றே நான் கருதுகிறேன்.

கொடும்பாளூரைத் தன்னகத்தே கொண்டு வெள்ளாற்றை அடுத்துப் பரந்திருந்த கோனாட்டில், எறிச்சலூரைச் சேர்ந்தவர் மாடலன் மதுரைக் குமரனார். சேர சோழர்மீதும் சிறு தலைவர்மீதும் அவர் பாடிய ஆறு பாட்டுக்களே அவருடைய ஜீவிய சரித்திரம்.

குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன் என்னும் சோழனிடம் பரிசில் வேண்டி நின்ற அவர், தேரும் குதிரையும் யானையும் வெண்குடையும் உடையார் என்பதற்காகவே எவரையும் தாம் மதிப்பதில்லை என்றும், ஆட்டுக்குட்டி மேய்ந்து மிஞ்சிய முன்னைக் கீரையைப் புன்செய் வரகுச் சோற்றோடு உண்ணும் சிற்றூர்த் தலைவரேயாயினும், பிறர் தகுதி அறிந்து நடப்பவரையே வியப்பதாகவும், உணர்வில்லாதவர் செல்வத்தினும் அறிவுடையோர் வறுமையே தமக்கு உவப்பானதென்றும் அஞ்சாது கூறினார். மழையை நம்பி வரகு விதைக்கும் வறண்ட நிலத்தை அறிந்தவருக்கே இப்படி ஓர் அளவுகோல் கைவரும்.

அரசின் ஏழு அங்கங்களுள் பொக்கிஷத்தை ஒன்றாக வைத்து, எந்தக் காரியத்துக்கும் அதுவே முற்பட வேண்டும் என்று அர்த்தசாஸ்திரத்தில் உரைத்தார் கௌடில்யர் எனப்படும் அந்தச் சாணக்கியர். ஆட்சி நடத்துவோர் அதை மறுக்க இயலாது. குமரனாரோ ஈர்ந்தூர் கிழான் தோயன்மாறனைக் காட்டுகிறார்: குறைவின்றிக் கொடுக்கும் செல்வம் அவனுக்கு இல்லை, இல்லை என்று மறுக்கும் சிறுமையும் இல்லை. இரவலர் வந்து நின்றால், அவர்களுடைய உண்ணாத வயிற்றைச் சுட்டிக்காட்டித் தன் ஊர்க் கொல்லனிடம் வேல் வடித்துத் தருமாறு அவனே இரப்பான். போருக்குப் போய்ப் பொருள் கொணர்வதன்றி வேறு வழி அவனுக்கு இருக்கவில்லை. சேர சோழர் அவைகளை நன்கறிந்த குமரனார், அரசருக்குச் செலுத்தும் அதே மரியாதையுடன் இந்தச் சிற்றூர்க் கிழானையும் பாடினார்.