மேல்தணலும் கீழ்த்தணலும்: வீட்டு அடுக்களையில் வெதுப்புக் கருவிகள் வந்த வரலாறு

சமையல் தொழிலைக் குறிக்கத் தமிழில் வினைச்சொற்களுக்குக் குறைவில்லை. அவித்தல், வேகவைத்தல், பொரித்தல், வறுத்தல், வதக்குதல், வாட்டுதல் என ஒவ்வொன்றும் வெப்பம் உணவைச் சென்றடையும் ஒரு வழியைத் துல்லியமாகச் சுட்டுகிறது. ஆனால் மூடிய அறைக்குள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் உலர்வெப்பம் தாக்கி மாவு வெந்து சிவக்கும் செயலுக்கு மட்டும் தனிச்சொல் இல்லை. 'சுடுதல்' என்னும் ஒரே சொல் தோசைக்கும் அப்பத்துக்கும் கிழங்குக்கும் பொதுவாக நின்றது. இன்று வழங்கும் அடுமனை, வெதுப்பகம் என்பன பிற்கால ஆக்கங்கள். சொல் இல்லாமை தேவை இல்லாமையைக் காட்டுகிறதே தவிர, திறன் இல்லாமையைக் காட்டவில்லை. இந்த வேறுபாட்டைக் கருவிகளின் வரலாறு விளக்கும்.

வடமாலபேட்டை, புத்தூர், நகரி வழியாகத் திருப்பதி செல்லும் நிலப்பகுதி இதற்குப் பொருத்தமான தொடக்கம். திருமலை, திருப்பதிக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. விசயநகரக் காலத்துக் கொடைக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி எனப் பணியார வகைகள் நிரல்படக் குறிக்கப்பெறுகின்றன. இவை அனைத்தும் நெய்யில் வேகும் பண்டங்கள். ஆவி, கொழுப்பு, கல் ஆகிய மூன்றுமே அம்மடைப்பள்ளி மரபின் வெப்ப ஊடகங்கள். அரிசியையும் நெய்யையும் மரக்கால், நாழி என முகந்தும், வெல்லம், சர்க்கரையைப் பலம் என நிறுத்தும் அளந்தனர் என்பதும் அக்கல்வெட்டுகளால் தெரிகிறது. முகத்தலளவையும் நிறுத்தலளவையும் ஒரே அடுக்களையில் பொருளுக்கேற்பப் பிரிந்து நின்ற இச்செய்தி பின்னர் முதன்மை பெறும்.

ஆவிச் சமையலுக்கும் வெதுப்புக்கும் இடையிலான எல்லை வெப்பநிலையைச் சார்ந்தது. இட்லிப் பானையில் நீராவி 100 பாகை செல்சியசைத் தாண்டுவதில்லை. மாவுப்பண்டத்தின் மேற்பரப்பு பொன்னிறமாவதற்கும் மணம் பெறுவதற்கும் ஏறத்தாழ 140 பாகைக்கு மேற்பட்ட உலர்வெப்பம் வேண்டும். கேக் வேகும் அடுப்பின் வெப்பநிலை பொதுவாக 160 முதல் 180 பாகை வரை. எனவே வெதுப்புக் கருவி என்பது அடிப்படையில் ஈரமற்ற வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் ஒரு பெட்டியே. அப்பெட்டியை எதனால் செய்வது என்பதுதான் ஒவ்வொரு காலத்தின் கேள்வியாகவும் இருந்தது.

ஐரோப்பியர் வருகையின் தடம் சொற்களில் பதிந்துள்ளது. குசினி, பிஸ்கோத்து, ஈழத்துப் பாண் ஆகியவை போர்த்துக்கீசிய மூலத்தவை. யாழ்ப்பாணத்தில் ரொட்டி அடுப்பைக் குறிக்கும் 'போறணை' என்னும் சொல்லும் அவ்வழி வந்ததே. எனினும் போறணை என்பது வீட்டுக் கருவி அன்று. செங்கல்லால் குவிமாடமாகக் கட்டி, உள்ளே விறகெரித்துத் தணலை அகற்றிய பின் சுவரில் தங்கிய வெப்பத்தால் மாவை வேகவைக்கும் தொழிற்கூட அடுப்பு அது. நாளொன்றுக்குச் சில இறாத்தல் ரொட்டிக்காக ஒரு குடும்பம் அதைச் சூடேற்றுவது விறகுக்கும் உழைப்புக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே ரொட்டி கடைக்குச் சென்றது. வீட்டில் எஞ்சியது கேக்கும் சிறு பண்டங்களுமே.

அன்றைய சென்னை மாகாணத்துக்குட்பட்ட தலைச்சேரியில் 1883 இல் மாம்பள்ளி பாப்பு செய்த கிறிஸ்துமஸ் கேக் இங்கு நினைக்கத்தக்கது. இலவங்கப்பட்டைத் தோட்டம் நடத்திய மர்டாக் பிரௌன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, அதுபோல் ஒன்று செய்யக் கேட்டார் என்றும், பிராந்திக்கு மாற்றாக உள்ளூர்ச் சாராயத்தைப் பாப்பு பயன்படுத்தினார் என்றும் குடும்ப மரபுச் செய்தி கூறுகிறது. அச்செய்தியில் பலரும் கவனியாத ஒரு குறிப்பு உண்டு. கேக்குக்குரிய அச்சைத் தருமடத்துக் கொல்லரிடம் செய்வித்தார் என்பதே அது. செய்முறை கடல் கடந்து வந்தது. கருவி உள்ளூர்ப் பட்டறையில் பிறந்தது. தென்னிந்திய வெதுப்பு வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் அமைப்பு இதுவே.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1878 இல், 'வைவர்ன்' என்னும் புனைபெயரில் கென்னி-ஹெர்பர்ட் என்னும் படை அதிகாரி சென்னை ஆங்கிலேயருக்கான சமையல் நூலை வெளியிட்டார். இந்திய வீடுகளின் சமையற்கூடங்களையும் அவற்றின் கருவிகளையும் அவர் கடுமையாகக் குறை கூறினார். சமையற்காரரை 'இராமசாமி' என்னும் பொதுப்பெயராலேயே குறிக்கிறார். நூலாசிரியரின் பெயர் நின்றது. கருவிகளைக் கையாண்டவர்களின் பெயர்கள் ஒரே பெயருக்குள் கரைந்தன. வீட்டு வெதுப்பின் வரலாற்றை எழுதுவோர் எதிர்கொள்ளும் முதன்மையான சான்றுச் சிக்கல் இதுதான்.

அப்பெயரற்றவர்களின் அறிவு பொருள்களில் எஞ்சியுள்ளது. கனத்த அடிப்பாகமுள்ள இரும்புச் சட்டி அல்லது செம்புப் பாத்திரம், அதனுள் ஒரு விரற்கடை உயரம் மணல், மணல்மேல் கேக் தட்டு, மேலே குழிந்த மூடி, அம்மூடியில் தணல். கீழ்த்தணலால் அடி வேகும். மேல்தணலால் முகம் சிவக்கும். மணல் வெப்பத்தை ஒரே சீராகப் பரப்பி அடி கருகாமல் காக்கும். கரித்துண்டுகளைக் கூட்டியும் குறைத்தும் வெப்பத்தை ஆளலாம். ஈழத்தில் ஆப்பச்சட்டி மூடியின்மேல் சிரட்டைக்கரித் தணலிடும் வழக்கமும் இதே இயலறிவைச் சார்ந்தது. பிரித்தானியாவிலேயே எரிவாயு அடுப்புக்குத் தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு 1923 இல்தான் வந்தது. அதுவரை அங்கும் கையை நீட்டியோ, தாள் பழுக்கும் வேகத்தைப் பார்த்தோதான் வெப்பத்தை மதிப்பிட்டனர். எனவே தணல் முறையைப் பின்தங்கியது எனக் கருதுவதற்கு இடமில்லை.

அடுத்த திருப்பம் உலோகத்தில் நிகழ்ந்தது. சென்னைக் கலைப்பள்ளியின் கண்காணிப்பாளர் ஆல்பிரட் சாட்டர்டன் 1898 இல் அங்கு அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். 1900 இல் இந்தியன் அலுமினியம் கம்பெனி சென்னையில் உருவாயிற்று. தொழில் வரலாற்று நூல்கள் இதனை அரசின் தொழிற்கொள்கை பற்றிய அத்தியாயமாகவே எழுதுகின்றன. அடுக்களையின் பக்கம் நின்று பார்த்தால் இதன் பொருள் வேறு. அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கும், எவர்சில்வரைப் போலப் பதினைந்து மடங்கும் வெப்பத்தைக் கடத்தும். எடை குறைவு, கொல்லர் தட்டி வளைக்க எளிது. பிற்காலத்தில் எவர்சில்வர் தமிழ் வீடுகளின் மதிப்புக்குரிய பாத்திரமாயிற்று. ஆனால் கேக் தட்டைப் பொறுத்தவரை பளபளக்கும் எவர்சில்வர் டப்பா அலுமினியத் தட்டுக்கு ஈடாகாது. மதிப்பும் பயனும் இங்கு எதிரெதிர்த் திசையில் நின்றன.

எரிபொருள் மாறியபோது பெட்டியும் மாறியது. 1959 இல் ஹாக்கின்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்றது. பிரஷர் குக்கர் நகர்ப்புற வீடுகளில் பரவியது. 1965 இல் இண்டேன் சமையல் எரிவாயு அறிமுகமாயிற்று. தணல் அகன்ற அடுக்களையில் மூடிமேல் நெருப்பிட வழியில்லை. அந்த இடைவெளியைக் குக்கர் நிரப்பியது. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி, தண்ணீர் ஊற்றாமல், அடியில் மணலோ உப்போ பரப்பி, தாங்கியின்மேல் தட்டை வைத்து வேகவைக்கும் முறை வீடுதோறும் வழங்கலாயிற்று. அழுத்தத்துக்காகச் செய்த கருவியிலிருந்து அழுத்தத்தை நீக்கிப் பயன்படுத்தியமை நுட்பமானது. கேஸ்கட் இருந்தால் நீராவி சிறைப்படும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு சிவக்காது. அதே வேளை, நீரின்றிச் சூடேற்றுவது குக்கரின் உலோகத்துக்குக் கேடு. அதனால்தான் பழைய குக்கரை இதற்கென ஒதுக்கி வைக்கும் வழக்கமும் உடன் வளர்ந்தது.

மின் அடுப்பு இவ்வரலாற்றில் பிந்திய வரவு. அதன் தடை விலை மட்டும் அன்று, வீட்டின் மின்கம்பியும்தான். 1500 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ ஆறரை ஆம்பியர் இழுக்கும். ஐந்து ஆம்பியர்ச் செருகியை மட்டுமே கொண்ட பழைய வீட்டுக்கு அது பொருந்தாது. பதினைந்து ஆம்பியர் இணைப்பு வேண்டும். வாடகை வீட்டுப் பெண்ணொருத்திக்கு அடுப்பு வாங்கும் முடிவு வீட்டுக்காரரின் இசைவையும் வேண்டியதாயிற்று. சாதாரண மைக்ரோவேவ் பெட்டி இதற்கு மாற்றாகாது. அது உணவிலுள்ள ஈரத்தைச் சூடாக்குமேயன்றி மேற்பரப்பைச் சிவக்கச் செய்யாது.

இவ்வளவு மாற்றங்களுக்கிடையிலும் ஈடு செய்ய முடியாதிருந்த ஒரே கருவி தராசு. அடுப்புக்குச் சட்டி ஈடாயிற்று; அடிப்பானுக்கு மத்து ஈடாயிற்று; சல்லடை முன்பே இருந்தது. வீட்டுச் சமையலோ படி, ஆழாக்கு என்னும் முகத்தலளவையில் இயங்கியது. அரிசியை முகந்தால் பெரிய பிழை நேராது. மைதாவை முகந்தால், தளர்வாக நிரப்பிய ஒரு கோப்பைக்கும் அழுத்தி நிரப்பிய கோப்பைக்கும் முப்பது கிராம் வரை வேறுபடும். அவ்வேறுபாடு கேக்கைக் கல்லாக்கப் போதுமானது. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆனால் தராசு கடைக்காரரின் கருவியாகவே நெடுங்காலம் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. பலக் கணக்கில் வெல்லம் நிறுத்த திருமலை மடைப்பள்ளியின் நுண்மை வீட்டு அடுக்களைக்குக் கிட்டாமற்போனது இவ்விடத்தில்தான்.

ஆகவே வீட்டு வெதுப்புக்கு அடிப்படைக் கருவிகள் எவை என்னும் இன்றைய வினாவுக்கு வரலாறு தரும் வரிசை, விற்பனைப் பட்டியல் தரும் வரிசையினின்று மாறுபட்டது. முதலில் ஒரு தராசு. அடுத்து இரண்டு அலுமினியத் தட்டுகள். பின்னர் கனத்த, இறுக மூடும் பாத்திரமும் அதற்குள் ஒரு தாங்கியும். சல்லடையும் மத்தும் ஏற்கெனவே உள்ளவை. அடுப்பு இறுதியில் வருவது. வெப்பமானியொன்று அதற்கு முன் வந்தால் நல்லது.

1960 இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்து, புத்தூரும் நகரியும் ஆந்திரத்தில் நின்றன. எல்லைக் குழுக்களின் அறிக்கைகள் மொழியைக் கணக்கிட்டன. எவரும் அடுக்களையைக் கணக்கிடவில்லை. எல்லையின் இருபுறமும் உள்ள வீட்டுப் பரண்களில் பழைய குக்கர்களும் மணல் படிந்த சட்டிகளும் இன்னும் கிடக்கின்றன. அவற்றை யார், எதற்காக, எப்படிப் பயன்படுத்தினர் என்பதைச் சொல்லக்கூடிய பெண்கள் முதுமையடைந்து வருகின்றனர். ஆவணக் காப்பகத்தில் இல்லாத அச்சான்றைத் தொகுக்கும் பணி இத்தலைமுறை ஆய்வு மாணவர்களுக்கு உரியது. அடுத்த தலைமுறை வரை அது காத்திராது.